தையலக்காவின் கால்

அந்தத் தெருவில் சட்டை கிழிந்தாலும் சரி, புதுத்துணி எடுத்தாலும் சரி, எல்லோரும் தையலக்காவிடம்தான் ஓடுவார்கள். ஆனால் வாசலோடு சரி. அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் தடித்து, தூண் மாதிரி இருந்தது. வலது காலால் மட்டும்தான் மெஷினை மிதிப்பாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள் சிலர், பரம்பரை வியாதி என்றார்கள் சிலர். அவள் கை பட்ட துணியை உடம்பெல்லாம் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள், அவள் வீட்டு நாற்காலியில் உட்காரப் பயந்தார்கள். கொசுக்கடியால் வந்தது என்று சொல்லிப் பார்த்தாள். "கொசு எங்களையுந்தான் கடிக்குது" என்று சிரித்தார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அதே தெருவில் குடியிருந்த தங்கை மட்டும் உள்ளே வந்துபோவாள். தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடியபோது, கல்யாணத் துணி முழுவதையும் இவளே தைத்தாள். வாங்க வந்த தங்கை அன்றைக்கு உட்காரவில்லை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. நம்ம குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சா..."

"நான் வரல. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"கோவமா?"

"ரவிக்கைய இடுப்புல கொஞ்சம் பிடிச்சிருக்கேன். டைட்டா இருந்தா சொல்லி அனுப்பு."

தங்கை போனதும், தினமும் செய்வதுபோல் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்தாள். கல்யாணத்தன்று தெருவே காலியாகக் கிடந்தது. யாரோ கொடுத்திருந்த திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

சில வாரங்கள் கழித்து நர்ஸ் ஒருத்தி மாத்திரையோடு தெருவுக்கு வந்தாள். யானைக்கால் வராமலிருக்க, நோய் இல்லாதவர்களும் வருஷா வருஷம் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரை அது. வாங்கியவர்களில் பாதிப் பேர் சாக்கடையில் போட்டுவிட்டு நடந்தார்கள். மாமியார் வீட்டுக்கு வந்திருந்த தங்கையின் மருமகனோ கையையே நீட்டவில்லை.

"நல்லா இருக்கறவனுக்கு எதுக்கும்மா மாத்திரை?"

தையலக்கா வாசலைத் தாண்டி வந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள்.

"இருபது வயசுல இதுவும் உங்க கால் மாதிரிதான் இருந்துச்சு தம்பி. கடிச்சவுடனே வீங்காது. உள்ள புழு வளந்து, வருஷக்கணக்கா கழிச்சுத்தான் தெரியும். அன்னிக்கு எனக்கு யாரும் மாத்திரை குடுக்கல. உங்களுக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க."

அவன் வாங்கி விழுங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தண்ணீர் கேட்டார்கள்.

"யாரு இவங்க?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்.

அவள் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "துணி தைக்கறவங்க" என்றாள்.

தையலக்கா சேலையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் திரும்பினாள்.

சாயங்காலம் தங்கை வாசலில் வந்து நின்றாள். "நல்லவேளைக்கா, நீ உறவுன்னு காட்டிக்கல."

"மாத்திரையைத் துப்பிடலயே?"

"இல்லக்கா, முழுங்கிட்டாரு."

"சரி, உள்ள வந்து உக்காரேன்."

"வீட்ல ஆளுங்க இருக்காங்கக்கா. இன்னொரு நாள் வரேன்."

தையலக்கா தலையாட்டினாள். ஊசியில் நூலைக் கோத்து, பாதியில் நின்ற சட்டைக் கையைத் தைக்க உட்கார்ந்தாள்.