கோழி எருவும் மஞ்சள் கரிசாலையும்

நான் படித்தது ரப்பர் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைதான். ஆனால் மண் லோரி ஓட்டி, பிறகு மண் லோரிகளுக்கே முதலாளி ஆனவன். கிள்ளானில் பாதி வீடுகள் நான் கொட்டிய மண்ணின் மேல்தான் நிற்கின்றன. மண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், பெரிய கால்வாயை ஒட்டி எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. சாம்பல் நிறக் களிமண். லேசாக உப்பு வாடை அடிக்கும். அதில் மஞ்சள் கரிசாலை, அதுதான் மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணி, தானாகவே படர்ந்திருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மனைவி அதைப் பறித்து, சாறு பிழிந்து, தலைக்கு எண்ணெய் காய்ச்சுவாள். எங்கள் தாமான் குடியிருப்பில் அந்த எண்ணெய் போகாத வீடு கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

போன வருடம் செடி இளைத்ததுபோல் தெரிந்தது. நல்ல மண் கேட்டு நர்சரிக்குப் போனேன்.

"கோழி எரு கலந்த கறுப்பு மண்ணு அண்ணே. எதுன்னாலும் ஓடி வளரும் லா," என்றார் நர்சரிக்காரர்.

ஒரு லோரி நிறைய இறக்கினேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "அது இளைச்சே இருந்துட்டுப் போகட்டுமே. உங்கள மாதிரி தொப்பை போடணுமா அதுக்கு?"

நாலு மழைக்குள் நிலம் முழுக்கப் பச்சை. மேலே மஞ்சள் பூக்கள். "பாத்தியா?" என்றேன். அவள் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.

"இது நம்மளது இல்லங்க. ரோட்டு நடுவுல அழகுக்கு வச்சிருக்காங்களே, அந்தக் கொடி. இலையப் பாருங்க, மூணாப் பொளந்து பளபளன்னு இருக்கு."

அந்தக் கொடி கால்வாய் ஓரத்தில் பல வருடங்களாகக் கிடந்ததுதான். சத்தில்லாத களியில் அதுவும் நோஞ்சான், கரிசாலையும் நோஞ்சான். ஒன்றை ஒன்று மிஞ்ச முடியவில்லை. எரு கிடைத்ததும் கொடி பாய்ந்துவிட்டது. கரிசாலைக்கு அப்படித் தின்று கொழுக்கத் தெரியவில்லை. நிழலுக்கு அடியில் அழுகிப் போனது.

ஆள் வைத்துக் கறுப்பு மண்ணை வழித்தேன். கொடியின் ஒவ்வொரு கணுவும் விழுந்த இடத்தில் வேர்விட்டது. எருவின் சாரமும் களிக்குள் இறங்கிவிட்டிருந்தது. எத்தனை லோரி மண்ணை நான் இடம் மாற்றியிருக்கிறேன். இந்த ஒரு துண்டைப் பழையபடி ஆக்க முடியவில்லை. காப்பார், பந்திங் என்று கரிசாலையைத் தேடி அலைந்தேன். எங்கும் கால்வாய்க் கரைகளில் சிமெண்டு, இல்லாவிட்டால் இதே கொடி.

இந்த வருடம் தீபாவளி நெருங்கியதும் மனைவி நல்லெண்ணெயை அடுப்பில் ஏற்றிவிட்டு, "அடியில கொஞ்சமாச்சும் இருக்கும், பாருங்க" என்றாள். குந்தி உட்கார்ந்து கொடியை விலக்கினேன். ஒரே ஒரு தண்டு தெரிந்தது. வெளுத்து, இலையில்லாமல். தொட்டதும் வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது.

"இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"எண்ணெய எறக்கி வச்சிரு," என்றேன்.