மூன்று முத்திரையும் ஒரு பன்றியும்

எங்கள் வரலாற்றுத் துறையில் ராதோஸ்வேதா கெஞ்சேவா இருபத்துமூன்று வருடங்களாகச் செய்துவரும் வேலை, செத்துப்போனவர்களின் புகார் மனுக்களைப் படிப்பது. துருக்கியர் ஆட்சியில் நம் பல்கேரியக் கிராமத்தார் எதற்கெல்லாம் மனுப்போட்டார்கள் என்று அவரிடம் கேட்டால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். உயிரோடிருப்பவர்களின் புகார் மட்டும் அவருக்கு ஆகாது. மாணவர்கள் அதைத் துறை அலுவலகத்தில் இருக்கும் என் மேஜைக்குத்தான் கொண்டுவருவார்கள்.

போன வசந்தத்தில் அவருடைய பேராசிரியர் பதவி ஒரே காகிதத்தில் தொங்கியது. புத்தகம் இருந்தது, கட்டுரைகள் இருந்தன. ‘பொதுமக்கள் தொடர்பு’ என்ற கட்டம் காலி. ஏதாவது ஓர் ஊரில் பேசி, அதற்கு அந்த ஊர் நிர்வாகத்தின் முத்திரை வாங்க வேண்டும். முத்திரையில்லாத காகிதத்தை எங்கள் நாட்டில் மழைகூட நனைக்காது.

கமென்தோல் என்ற மலையடிவார ஊர் அழைத்தது. அதன் சதுக்கத்தில் வல்கோ தளபதி வெண்கல வாளோடு நிற்கிறார். 1841இல் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டு மாண்டவர். அவருடைய நினைவுநாளில், சிலைக்கு மாலை வைத்த கையோடு வாசகசாலை மண்டபத்தில் எண்பது பேர் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் தளபதியின் வாரிசான மேயர் த்ஸோன்கோவ். முத்திரை அவர் கோட்டுப்பையில்.

“வீரத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடு,” என்று காரிலேயே சொல்லியிருந்தேன்.

“சொல்றேன். ஆனா புதுசா ஒண்ணு கெடச்சிருக்கு. கேட்டா சந்தோஷப்படுவாங்க.”

உண்மை தெரிந்தால் ஊரே மகிழும் என்று நம்புவது வரலாற்றாசிரியர்களுக்கு மட்டுமே வரும் நோய்.

வல்கோ போரில் சாகவில்லை என்று மேடையில் ராதோஸ்வேதா முகமெல்லாம் பூரித்து அறிவித்தார். 1853இல் வல்கோவே மனுப்போட்டிருக்கிறார்: பக்கத்துவீட்டு ஸ்தாமோவின் பன்றி தன் திராட்சைத் தோட்டத்தை நாசமாக்கிவிட்டதாம்.

மேயர் எழுந்தார். “ஏம்மா, எங்க தளபதி பன்னிக்காக அழுதாருன்னா சொல்ற?”

“அழல சார். ரொம்ப அழகா எழுதியிருக்காரு.”

பின்வரிசையிலிருந்து, அந்த ஸ்தாமோவின் வழிவந்த நூலகர் ஸ்தாமோவா கத்தினார்: “பொய்! எங்க பன்னி பட்டியத் தாண்டினதே இல்ல!”

“ஏன், நீ அப்பவே பட்டியில இருந்தியா?” என்றார் மேயர்.

“வேலி யாருது? ஒங்களுது. இன்னைக்கும் ஓட்டைதான்!”

அதன்பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. தட்டில் இருந்த பாலாடைக்கட்டி அப்பங்களைக்கூடத் தொடாமல் வெளியேறினோம்.

“அந்த வேலி இன்னும் இருக்காம்!” என்றார் ராதோஸ்வேதா காரில், கண்கள் மின்ன. சற்றுத் தூரம் போன பிறகுதான் முகம் வாடியது. “முத்திரை போச்சு, இல்ல?”

போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். பத்து நாள் கழித்து, அவரை வேலையைவிட்டுத் துரத்தக் கோரி மேயரின் புகார் துணைவேந்தருக்கு வந்தது. மூன்று பக்கம். பழக்கதோஷத்தில் பக்கத்துக்கொரு முத்திரை.

துணைவேந்தர் அதைப் பதவி உயர்வுக் குழுவுக்கு அனுப்பினார். குழுத்தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “நாள் இருக்கு, இடம் இருக்கு, எண்பது பேர் கேட்டிருக்காங்க. ஒரு முத்திரை போதும், மூணு இருக்கு.”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?” என்றார் ஓர் உறுப்பினர்.

“அதுக்குக் கட்டம் இல்லியே.”

இந்த வருடத் துறைச் சாதனைகள் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன்: ‘கமென்தோலில் பேராசிரியர் கெஞ்சேவாவின் உரை, பொதுமக்கள் உணர்ச்சியோடு பங்கேற்றனர்.’ பேராசிரியரோ புகாரின் நகலை வாங்கித் தன் மனுத் தொகுப்பில் கடைசியாகச் சேர்த்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தார்: ‘நடை சுமார். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.’