பெட்டிசம் போட்டவள் மானிப்பாய்க்குப் போன சனிக்கிழமை

கலிப்பர் போட்ட காலோடு தனியாக பஸ்ஸில் போய்வர முடியுமா என்று இந்த வலைப்பதிவுக்கு அடிக்கடி கேள்வி வருகிறது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். முடியும். 1979இல் ஒரு சனிக்கிழமை உடுப்பிட்டியிலிருந்து மானிப்பாய்க்கு நான் போய்வந்த பயணத்தை அதற்காகவே எழுதுகிறேன். கட்டணமெல்லாம் இப்போது மாறியிருக்கும். பஸ் படியின் உயரம் மாறியதாக இன்னும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. முழங்காலுக்கு மேலே வரை இரும்புச் சட்டமும் தோல்வாரும் உள்ள கலிப்பரோடுதான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் இரண்டாம் வருட வகுப்பு மேல்மாடியில். முப்பத்துநான்கு படிகள். ஏறி முடிக்கும்போது விரிவுரை தொடங்கி ஐந்து நிமிடமாகியிருக்கும். கடைசி வரிசையில் இருந்து வியர்வையைத் துடைப்பேன்.

அதே வகுப்பில் சிவயோகம் இருந்தாள். மானிப்பாய்க்காரி, பிறவியிலேயே கண் தெரியாது. அவளுக்கென்று மாணவர்கள் ஒரு வாசிப்பு முறை வைத்திருந்தார்கள். நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணித்தியாலம், வேப்பமரத்தடியில் புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள். விரிவுரையாளர் குறிப்புகளை முதல்நாளே கொடுப்பார். சோதனையில் அவள் சொல்லச் சொல்ல எழுத, முதலாம் வருட மாணவி ஒருத்தி. தனி அறை, அரை மணித்தியாலம் கூடுதல் நேரம். அந்த வாசிப்பு முறையில் என்னைச் சேர்க்கவுமில்லை. "பாவம், உமக்கு ஏன் அலைச்சல்" என்றார்கள். அவளுக்கு ஊரே கண்ணாக இருந்தது, எனக்கோ அந்தப் படிக்கட்டில் பிடிக்க ஒரு கைபிடி இல்லை. வயிறு எரிந்தது. வேறு சொல் தேடி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வயிறு எரிந்தால் என்ன செய்வார்கள்? பெட்டிசம் போடுவார்கள், பெயர் போடாத முறைப்பாட்டுக் கடிதம். நானும் போட்டேன். சோதனையில் சிவயோகம் சொல்வது ஒன்று, எழுதுகிறவள் எழுதுவது வேறொன்று, அவளுடைய புள்ளிகள் அவளுடையவை அல்ல என்று ஒரு பக்கம். கீழே "இங்ஙனம், உண்மை விளம்பி." அதில் உண்மை என்று சொல்ல முற்றுப்புள்ளி கூட இல்லை. முத்திரை ஒட்டிக் கல்லூரி நிர்வாகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமையே, விசாரணை வைக்கப்போவதாகக் கல்லூரியில் சொன்னார்கள். அது முடியும்வரை எழுதுகிறவளும் இல்லை, வாசிப்பும் இல்லை. சிவயோகம் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பார்க்கப் போனேன். வீட்டிலும் எல்லாரும் அவளைச் சுற்றித்தான் நிற்கிறார்களா என்று தெரியவேண்டியிருந்தது.

காலை 6.40 பஸ். இதைத் தவறவிட வேண்டாம், அடுத்ததில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் நிறைந்துவிடுவார்கள். முன்கதவால் ஏறுங்கள். வலது கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கலிப்பர் காலைப் பிறகு இழுக்க வேண்டும். கொண்டக்டர் நல்ல மனுஷன்.

"அவசரப்படாதையுங்கோ பிள்ளை, நீங்கள் ஏறினாப் பிறகுதான் மணி அடிப்பன்" என்றார். பிறகு சாரதிக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, "அண்ணை, உந்தச் சீற்றை இந்தப் பிள்ளைக்கு விடுங்கோ" என்றார்.

அவர் எழும்பினார், நான் இருந்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: சிவயோகமாக இருந்தால் கைபிடித்து ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ பதினெட்டு மைல், இரண்டு ரூபா இருபது சதம். வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், கடலோர உப்பு முகத்தில் ஒட்டும், யன்னலோரம் வேண்டாம். நீட்டிய காலை யாரும் மிதிக்காமல் இருக்க, கைப்பையைக் காலடியில் வையுங்கள். 7.55க்கு யாழ்ப்பாண பஸ் நிலையம். மானிப்பாய் பஸ் 8.20க்கு, எழுபது சதம், இருபத்தைந்து நிமிடம். இடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். கதிரை உள்ள கடையாகப் பார்த்துப் போங்கள், வாங்குப் பலகையில் இருந்தால் எழும்புவது பெரும்பாடு.

மானிப்பாயில் இறங்கி, ஆஸ்பத்திரியைத் தாண்டி ஒரு ஒழுங்கையில் கால் மைல் நடை. மணல் ஒழுங்கை. சாதாரணமாக ஐந்து நிமிடம், எனக்கு இருபது. தோல்வார் தொடையை உரசிப் புண்ணாக்கிவிட்டது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொண்டு போவது நல்லது.

படலையைத் திறக்க முன்பே உள்ளேயிருந்து சிவயோகத்தின் குரல் கேட்டது. "புவனமோ? உம்மடை காலின்ரை சத்தம் கேட்டது. வாரும்."

விறாந்தையில் ஒரு கதிரையில் தனியாக இருந்தாள். சுற்றி ஒருவருமில்லை. தகப்பன் கொழும்பில் வேலை, வீட்டில் தாய் மட்டும். தாய் தேத்தண்ணியோடு வந்தார்.

"பத்து நாளா இவள் இப்பிடித்தான் பிள்ளை, ஒண்டும் தின்னுறாளில்லை. ஆரோ ஒரு நாசமறுப்பான் பெட்டிசம் போட்டிட்டான். எழுதின கை புழுத்துத்தான் போகும், இருந்து பாருங்கோ. இந்தாங்கோ, சூடாக் குடியுங்கோ."

எழுதின கையால்தான் தேத்தண்ணியை வாங்கினேன். "அம்மா, சும்மா இருங்கோ" என்றாள் சிவயோகம். தாய் குசினிக்குப் போனதும் மடியிலிருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"நேற்றுப் பின்னேரம் வந்தது. கல்லூரிக் கடிதம் போலை, இங்கிலீஷிலை இருக்காம். அம்மாவுக்குத் தெரியாது. வாசியும்."

இரண்டு வருடத்தில் நான் அவளுக்கு வாசிக்கும் முதல் எழுத்து அதுதான். முதல் பந்தி இப்படி இருந்தது: கலிப்பர் அணிந்த சக மாணவி ஒருவர் மேல்மாடிக்கு ஏறச் சிரமப்படுவதால் இரண்டாம் வருட வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றுமாறு தாங்கள் சென்ற மாதம் கையொப்பமிட்டு அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்பட்டது, அடுத்த தவணை முதல் வகுப்பு கீழே நடக்கும்.

அதோடு வாசிப்பை நிறுத்தினேன். "ஓம், அது உமக்குத்தான்" என்றாள் அவள். "ஒவ்வொரு நாளும் நீர் ஏறுற சத்தம் எனக்குக் கேக்கும். கேட்டா வேண்டாம் எண்டுவீர் எண்டு சொல்லேல்லை. மற்றப் பந்தியை வாசியும்."

நன்றிதானே வரவேண்டும்? எனக்கு வந்தது எரிச்சல். என்னுடைய கீழ் அறையைக்கூட இவளே வாங்கித் தந்துவிட்டாள், நல்லவள் என்ற பெயரும் இவளுக்கே என்று மனம் புழுங்கியது. இரண்டாவது பந்தியில் கண்ணை ஓட்டினேன். கையொப்பமில்லாத முறைப்பாட்டின் பேரில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை; அதில் குற்றச்சாட்டு தவறென்று நிறுவப்படாவிட்டால் இந்த வருடச் சோதனைக்கு எழுத்துதவி இல்லை. எழுத்துதவி இல்லையென்றால் அவளுக்குச் சோதனையே இல்லை.

அந்த வீட்டில் அந்தக் கடிதத்தை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். விசாரணை அடுத்த மாதம் என்றோ, வரத் தேவையில்லை என்றோ நான் வாசித்திருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஒரு கணம் வாய்வரை வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர் வாசிப்பதை நம்பியே அவள் படிக்கிறாள் என்பது கையில் தாளோடு இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். வாசித்துவிட்டு, "பெட்டிசம் போட்டது நான்தான்" என்றேன்.

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்?" என்றாள்.

"உமக்கு எல்லாரும் இருக்கினம். எனக்கு ஒருதருமில்லை."

"நீர் ஆரிட்டைக் கேட்டனீர்?"

இரண்டு வருடத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. பெட்டிசம் எழுதத் தெரிந்த எனக்கு விண்ணப்பம் எழுதத் தோன்றவில்லை.

"திங்கள் பத்து மணிக்கு வாரும். வந்து அங்கை சொல்லும்."

"கல்லூரியாலை என்னைக் கலைச்சுப்போடுவினம்."

"கலைக்கட்டும். நான் என்ன செய்ய?" என்றவள், குரலைத் தாழ்த்தி, "அம்மா வரமுதல் போம். அவவுக்கு நான் சொல்லமாட்டன்" என்றாள்.

திரும்பும் பஸ் பகல் 10.30க்கு. அந்த மணல் ஒழுங்கையை அன்று எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை, அதனால் திரும்புகிற வழி பற்றி எழுத ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை போனேன். மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் முன்னால் சொன்னேன், என் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தேன். எனக்கு ஒரு தவணை வகுப்புத்தடை கிடைத்தது. சிவயோகம் சோதனை எழுதினாள். எனக்காக மாற்றிய கீழ் அறையில் நான் இல்லாமலே ஒரு தவணை வகுப்பு நடந்தது.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தவணை தொடங்க ஒரு மாதம் முன்பே ஒருநாள் போய்ப் படிகளை எண்ணுங்கள், கழிவறை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். கீழ் அறை வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைப் போடுங்கள். கலிப்பர் திருகாணி கழன்றால் சைக்கிள் கடையிலேயே இறுக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள், நான் பார்த்துக் கண்டது இதுதான்.

தடை முடிந்து போன முதல்நாள், கீழ் அறையில் கதவோரமாக, கால் நீட்ட இடம்விட்டு ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. சிவயோகம்தான் அதில் ஒருவரையும் இருக்கவிடாமல் வைத்திருந்தாளாம். அன்றும் சரி, படிப்பு முடியும்வரையும் சரி, அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கோபத்தைக்கூட இவ்வளவு நேர்மையாக வைத்திருக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அதிலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.