இருபது வரை எண்ணிய பெண்

புதுவாயலில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் பதினேழு வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம், எட்டு மாத வயிறு. வீங்கிய ஒரு காலைச் சீட்டில் மடக்கி வைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. உடனே எண்ண ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"குழி மூட எவ்ளோ நேரமாவுதுன்னு பாக்குறேன்க்கா. போன வாரம் பத்து, இன்னிக்கு இருவது. கொழந்தைக்கு சத்து ஏறிக்கினு கீதுன்னு மாமியா சொல்ச்சி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தலவலி கீதா?"

"ரெண்டு நாளா மண்ட வெடிக்குது. கண்ணுகூட மங்கலா கீது. தூங்குனா சரியாப்பூடும்."

"இது சத்தில்லம்மா, பிரஷரு. என் தங்கச்சிக்கு இப்டி வீங்கித்தான் ஃபிட்ஸ் வந்துச்சி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"வெள்ளிக்கெழம செக்கப்பு கீதுக்கா. இருவதுன்னு சொன்னா நர்ஸக்கா சந்தோஷப்படுவாங்க."

என் கம்பெனி ஸ்டாப் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். ஷிப்டுக்கு நேரமாகிறதென்று நான் மட்டும் இறங்கினேன்.

பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் அவளைப் பார்த்தேன். குனிந்திருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.