தூக்குவாளி நிறைய மாவு

இரண்டு வருடத்துக்கு முன்னால், மே மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் ஆரியசாலைப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. மகன் மொத்தக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். மருமகள் வீட்டிலேயே துணி தைக்கிறாள். பேத்திகள் இரண்டு பேர். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. அந்த வருடம் சின்னவள் அழுதே சாதித்துவிட்டாள்.

எங்கே போவது என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. கன்னியாகுமரி என்றான் மகன். விடுமுறைக் காலத்தில் லாட்ஜ் வாடகையை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பொன்முடி என்றாள் பெரியவள். அதற்கும் ஏதேதோ செலவு வந்தது. கடைசியில் மருமகளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சரம்மா வழிகாட்டினார். நெய்யாறு அணைக்குப் பக்கத்தில் அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறதாம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கிறதாம். "வாடகையெல்லாம் வேண்டாம், ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று முடிவாயிற்று.

தங்க இடம் கிடைத்துவிட்டது. சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குப் போனால் கட்டாது. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மத்தியானத்துக்குப் புளியோதரை, ராத்திரிக்கும் காலைக்கும் இட்லி. "மாவெல்லாம் சுமக்க வேண்டாம்மா, ஒரு கஞ்சி வச்சுக் குடிச்சுக்கலாம்" என்று மகன் சொன்னான். நான் கேட்கவில்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்குக் கஞ்சியா?

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து மாவு அரைத்தேன். ராத்திரிக்குள் பொங்க வேண்டுமே என்று, முதல் நாள் மிச்சமிருந்த புளித்த மாவையும் அதில் கலந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கரண்டி மாவைக்கூட விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் தூக்குவாளியின் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடி போட்டு, துணியால் இறுக்கிக் கட்டினேன்.

பஸ்ஸில் கூட்டம். முன்னால் பெண்கள் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் பின்னால் தள்ளிப் போய்விட்டார்கள். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று தூக்குவாளியை எஞ்சின் ஓரமாகக் காலடியில் வைத்துக்கொண்டேன். அங்கே சூடு அடிக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

என் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை, பச்சைக் கரை. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த ஊருக்கு வாழ வந்து நாற்பது வருடம் ஆகியும் எனக்கு மலையாளம் காதில் ஏறியதே தவிர வாயில் வரவில்லை. தமிழிலேயே முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். படித்ததும் நாலாம் வகுப்புத்தான்.

காட்டாக்கடை நெருங்கும்போது காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தால் துணி நனைந்திருக்கிறது. தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்து முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மூடி டப்பென்று தெறித்தது. நுரைத்துக்கொண்டு நின்ற மாவு அத்தனையும் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து மடி வரைக்கும் வழிந்தது.

புளித்த வாடை பஸ் முழுக்க அடித்தது. "தோசை எப்பக் கிட்டும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அம்மச்சி, இது பஸ்ஸாணோ, அடுக்களையாணோ?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஃபைலை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, காகிதத்தில் ஒன்றும் படவில்லை. பிறகு தன் சேலையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனிக்குப் பதினொண்ணு மணிக்கு இன்டர்வியூ ஆணு, அம்மே" என்றாள். காட்டாக்கடையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்காம். நகரத்து ஹாஸ்டலிலிருந்து வருகிறாள், கையில் மாற்றுத் துணி கிடையாது.

ஒரு பிள்ளையின் பிழைப்பில் மாவைக் கொட்டிவிட்டேனே! மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. அப்போதுதான் மருமகளின் பைக்குள் இருந்த புதுச் சுடிதார் ஞாபகம் வந்தது. நாவல்பழ நிறம். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், மூன்று வருடத்துக்குப் பிறகு தனக்கென்று தைத்தது. மறுநாள் அணைக்கட்டில் போட்டோ எடுக்கும்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

ஆனாலும் எழுந்து நின்றேன். கூட்டத்துக்கு மேலே எட்டி, "பிள்ளே, உன் புதுச் சுடிதாரை எடு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மருமகள் முகம் ஒரு நிமிடம் சுண்டியது. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பையைத் திறந்தாள்.

அணை வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தும் எல்லோரும் காட்டாக்கடையிலேயே இறங்கினோம். மகன் மட்டும் தண்ணீர் பாட்டிலும் பழைய செய்தித்தாளுமாகப் பஸ்ஸின் தரையைத் துடைத்துவிட்டுக் கடைசியாக இறங்கினான். பஸ் ஸ்டாண்டில் பெண்கள் காத்திருக்கும் அறையில் அந்தப் பெண் குழாயடியில் கழுவிவிட்டு உடை மாற்றினாள். மருமகள் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. இந்தப் பெண்ணோ ஒல்லி. சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. மருமகள் கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள், அது இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை. போட்டிருந்தபடியே இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

நான் மெதுவாக, "உடுத்தின துணியில தைக்கக் கூடாதே பிள்ளே" என்றேன்.

"மணி பத்தேகால் ஆச்சு அத்தை. கூடாததெல்லாம் பஸ்ஸுலேயே நடந்தாச்சு" என்றாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது மருமகளிடம் போன் நம்பரும் நாங்கள் தங்கும் இடமும் கேட்டுக்கொண்டாள். அவளுடைய வீடும் அணைப் பக்கம்தானாம். நான் அவள் கையைப் பிடித்து, "மோளே, ஷமிக்கணம்" என்று மன்னிப்புக் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேசிய முதல் மலையாளம் அது. "சாரமில்ல அம்மே" என்று என்னைத் தேற்றிவிட்டு ஓடினாள்.

பிறகு அணைக்குப் போனோம். பிள்ளைகள் படகில் போனார்கள், கத்தினார்கள், புளியோதரை சாப்பிட்டார்கள். எனக்கு அணையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. மருமகளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவே இல்லை. மாவு வாடையோடு போய் நின்றாளோ, நேரம் தவறிவிட்டாளோ, எத்தனை நாள் காத்திருந்த வேலையோ என்று ஒரே நினைப்பு.

சாயங்காலம் டீச்சரம்மா வீட்டில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்து நின்றார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒண்ணாம் தேதி ஜாயின் செய்யான் பறஞ்ஞு அம்மே!" என்றாள். வேலை கிடைத்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சுடிதாரைத் துவைத்துப் பிழிந்து கொண்டுவந்திருந்தாள். கூடவே கடையில் வாங்கிய இட்லி மாவு இரண்டு பாக்கெட்! "அம்மேட மாவு முழுக்க ஞான் கொண்டு போயல்லோ" என்று அவள் சொல்ல, என் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கடை மாவை நான் வீட்டுக்குள் விட்டதே இல்லை. அன்று ராத்திரி அதில்தான் இட்லி. சின்னவள் நாலைந்து தின்றுவிட்டு, "ஆச்சி, உங்க இட்லியைவிட இதுதான் மெத்துன்னு இருக்கு" என்றாள். அவள் தட்டில் இன்னும் இரண்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் மருமகள் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு, இடுப்போரம் சரியாகக் காயாத சுடிதாரையே போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, காதோரமாக, "அத்தை, பழைய மாவைக் கலந்தீங்கதானே?" என்றாள். அந்தப் போட்டோவில் நான் திருட்டு முழி முழிப்பது அதனால்தான்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "எங்கே போறீங்க?" என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு இருந்ததுபோல ஒவ்வொருவர் மடியிலும் ஏதோ ஒரு பதினொரு மணி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார என்னால் முடியவில்லை.