வெள்ளித்தாள் வைத்த அச்சு

பாக்குவெட்டிக்கு இருப்பதுபோல இரண்டு கைப்பிடிகள். அவற்றின் முனையில் இரண்டு இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் அரை உருண்டைக்கான குழி. மூடினால் இரண்டும் சேர்ந்து முழு உருண்டையாகும்; மேலே இருக்கும் துளை வழியாக உருக்கிய ஈயத்தை ஊற்ற வேண்டும். என் மச்சானிடம் இருந்த குண்டு அச்சு அவ்வளவுதான். பதுளையில் மகன் வீட்டு மாடி அறையில் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி பென்சில் டப்பாவை டக்கென்று மூடினால்கூட எனக்கு அந்த அச்சு மூடும் சத்தம்தான் கேட்கிறது. வயதானவர்களுக்குத் தூக்கம் வராது என்கிறார்கள். எனக்குத் தூக்கம் நன்றாகவே வருகிறது. விழித்திருக்கும் நேரம்தான் அலுப்பாக இருக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர், அவர் காவல்காரர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே சனங்கள் மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் போட்டிருந்த சரிவைக் காட்டுப்பன்றிகள் கிண்டிப் போடாமல் பார்ப்பது அவர் வேலையில் பாதி. அதற்காக, குழாயின் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் பழைய துவக்கொன்றைப் பெர்மிட்டோடு வைத்திருந்தார். ஒரு தடவை சுட்டால் மறுபடி நிரப்பிச் சுடுவதற்குள் பன்றி அடுத்த மலைக்குப் போய்விடும். அதனால் ஒரே குண்டுதான், அது தப்பக் கூடாது. வருஷக் கணக்கில் அது தப்பியதே இல்லை. அதிகம் பேசாத மனுஷன், ஆனால் தன் குறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்தால் என்ன? அவரிடம் வேறு என்ன சொத்து இருந்தது?

குண்டுகளை அவரேதான் ஊற்றிக்கொள்வார். லொறிச் சில்லுகள் ஆடாமல் சுழல விளிம்பில் அடிக்கும் ஈயக் கட்டைகளை எங்கிருந்தாவது பொறுக்கி வந்து உருக்குவார். அந்த ஈயத்தில் குண்டு துவக்குக் குழாய்க்குச் சரியாக வரும். ஒரு வருஷம் அது கிடைக்கவில்லை. பழைய ஈயக் குழாய்த் துண்டொன்றை உருக்கி ஊற்றினார். அது கலப்பில்லாத மிருதுவான ஈயம். ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். குண்டுகள் எல்லாம் சிறுத்துவிட்டன, குழாயில் போட்டால் கலகலவென்று ஆடின. அப்படிப்பட்ட குண்டு போகிற திசையை யாரும் சொல்ல முடியாது. அச்சையும் ஈயத்தையும் ஒரு சாக்கில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். "நீங்கதான் மாப்ள இதுக்கு ஒரு வழி பண்ணனும்" என்றார்.

நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா! ரோலர் மெஷினையே பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு குண்டு எம்மாத்திரம் என்று நினைத்தேன். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை நாலாக மடித்து இரண்டு இரும்புத் துண்டுகளுக்கும் நடுவில் ஓரமாக வைத்தேன். தாளின் கனத்துக்கு அச்சு முழுதாக மூடாமல் மயிரிழை திறந்து நிற்கும், குண்டும் அந்த அளவுக்குப் பெரிதாகும் என்பது என் கணக்கு. ஊற்றினோம். ஆறியதும் விட்டம் பார்க்கும் என் கலிப்பரால் அளந்தேன். அளவு சொல்லி வைத்தாற்போல் இருந்தது. ஒன்பது குண்டுகளையும் அப்படியே அளந்து ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் ஒன்றை எடுத்து என் வேலை மேசையில் உருட்டினார். அது நேராக ஓடாமல் துள்ளித் துள்ளி விலகியது. மறுபடி உருட்டினார். "தத்துதே மாப்ள" என்றார்.

"மேசை மேடு பள்ளம் மச்சான். கலிப்பரு பொய் சொல்லுமா?" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் குண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு போனார்.

கலிப்பர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது. அச்சு திறந்து நின்ற திசையில் மட்டும் அளந்தேன். அந்தத் திசையில் குண்டு பெருத்திருந்தது. குறுக்கே அது பழைய சிறுத்த அளவிலேயே இருந்தது. ஒன்பதும் உருண்டை இல்லை, முட்டை. ஒரு பக்கம் இறுகிப் போனதால் இடிக்கும்போது மச்சான் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குண்டைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு தடவை அளக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பிட்டர் வேலைக்கு வந்த முதல் வாரமே, சுழலும் எதையும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும் என்று படித்தவன் நான்.

நாலைந்து நாள் கழித்து, விடிந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் போகிற நேரம், மேட்டில் வெடிச் சத்தம் கேட்டது. மச்சான் பன்றியின் தோளுக்குக் குறி வைத்திருக்கிறார். குண்டு விலகிப் பின் தொடையில் பட்டிருக்கிறது. காயத்தோடு அது காட்டுக்குள் ஓடாமல் லயத்துப் பாதையில் இறங்கியது. கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாமல் நின்றவர் மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். பன்றி அவரை இடித்துப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். மச்சான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அக்கா வலியில் முனகிக்கொண்டே, "குண்டு சரியில்லன்னு இந்த மனுசன் சொல்றாரு தம்பி. நீங்கதானே அளந்து குடுத்தீங்க, நெசமா?" என்று கேட்டார்.

"அளந்துதான் குடுத்தேன் அக்கா" என்றேன். அப்போது அதுதான் உண்மை என்று நினைத்தேன். மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா? குறி தப்பிப் போச்சின்னு சொல்ல வாய் வரல, தம்பி மேல பழி போடுறாரு" என்றார் அக்கா.

ஊருக்குத் திரும்பியதும், மிச்சமிருந்த குண்டுகளை அவர் வீட்டிலிருந்து வாங்கி வந்து குறுக்கே அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் சிறுத்தே இருந்தது. மறுநாளே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் அக்காவுக்கு ஆபரேஷன். பிறகு, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டேன். சாக்குக்கா பஞ்சம்? உண்மையில் எனக்குப் பயம். லயத்தில் என்னை இன்ஜினியர் ஐயா என்று கேலியாகவும் மரியாதையாகவும் கூப்பிடுவார்கள். அந்தக் கேலியில் மிச்சமிருந்த மரியாதையை விட எனக்கு மனசு வரவில்லை. குண்டுகளை மீண்டும் உருக்கி, கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையாக்கிவிட்டேன்.

மச்சான் துவக்கைத் திருப்பிக் கொடுத்தார். காவல் வேலை போய், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து எழும்போதெல்லாம், "குறி பாக்கத் தெரியாத மனுசனுக்கு வாக்கப்பட்டு வந்த சீரு" என்பார். சோற்றில் கை வைத்தபடி மச்சான், "ஆமாமா" என்பார். அதில் கோபம் இருக்காது. ஒரு தடவையாவது அவர் என் பக்கம் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவர் பார்க்கவில்லை. நானும் ரசத்தைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலியென்று படுத்த மச்சான் இரண்டே நாளில் போய்விட்டார். கருமாதிக்குப் போயும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் தனியாக பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளித்தாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் குண்டு தத்தியதையும் நான் கேலி பேசி மச்சான் வாயை அடைத்ததையும் சொன்னேன். சுளகில் இருந்த கை நின்றது.

அக்கா ஏசுவார், ஏசட்டும் என்றுதான் போயிருந்தேன். ஏசினால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சான் வழக்கமாக உட்காரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடனோ பேசுவதுபோல மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க தம்பி. நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?"