ஆளுயரக் காசோலை

விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டேதான் அட்டைப்பெட்டி அக்கா பேசுவார். பார்வை எதிரே நிற்பவர் மேல் இருக்காது. அவர் கையிலுள்ள பெட்டியின் மேல் இருக்கும். பேக்கரிப் பெட்டியோ செருப்புப் பெட்டியோ, வாங்கி மூலையை அழுத்திப் பார்ப்பார். "எவன் மடிச்சான் இதை? தூக்கத்துல மடிச்சிருக்கான்."

வீட்டு முன்னறைதான் பட்டறை. அவரும் நாத்தனாரும் இன்னும் மூன்று பெண்களும் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டுகிறார்கள். ஒரு சோப்பு ஆலை மாதம் இருபதாயிரம் பெட்டி கேட்டது. அதற்குக் கை போதாது. வெட்டும் இயந்திரம் வேண்டும். வங்கி வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது: சிறுதொழில் கடன், அரசே உத்தரவாதம், அடமானம் தேவையில்லை.

உள்ளே மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுப் பத்திரம் இருக்காம்மா?"

"வாடகை வீடு சார். அரசாங்கமே ஜாமீன் நிக்குதுன்னு வெளிய எழுதியிருக்கீங்களே?"

"அது அப்படித்தாம்மா எழுதுவாங்க."

ஏழு மாதம் நடையாய் நடந்தார். போகும்போதெல்லாம் ஏதோ ஒரு தாள் குறைந்தது. இல்லாதவருக்காகத்தான் அரசு ஜாமீன் நிற்கிறது. வங்கிக்கோ இருப்பவர்தான் வேண்டும். பிறகு ஜாமீன் எதற்கு, சுவரொட்டிக்கா? சோப்பு ஆலை காத்திருக்குமா? ஆர்டர் வெளியூருக்குப் போனது. அலைச்சலில் பழைய வாடிக்கையும் குறைந்துபோக, மூன்று பெண்களில் இருவரை அக்கா நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று முழுக்க அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார் நாத்தனார்.

போன வாரம் வங்கியிலிருந்து அழைப்பு. வட்டார வளர்ச்சி விழாவாம், மேடைக்கு வர வேண்டுமாம். கடன் கிடைத்துவிட்டது என்று இருக்கிற நல்ல புடவையை உடுத்திக்கொண்டு போனார். துணைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து நானும் போனேன். ஆளுயரத் தெர்மாகோல் காசோலையைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஊழியர் ஒருவர் கையை நீட்டினார். "குடுங்கம்மா, அடுத்தவங்களுக்கு வேணும்."

"பணம் எப்ப சார் வரும்?"

"இது போட்டோவுக்குத்தாம்மா. உங்க ஃபைல் இன்னும் பரிசீலனையில இருக்கு."

அக்காவின் முகம் சிவந்தது. "பேப்பர்ல என் மூஞ்சிதானே வரப்போகுது? அப்ப இதுவும் எனக்குத்தான்."

காசோலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வங்கிக்கு நடந்தார். நான் ஓட வேண்டியிருந்தது. காசாளர் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நோட்டு எண்ணக் குனிந்துகொண்டார். அக்கா ஒரு டோக்கனைக் கிழித்து எடுத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, காசோலையை மடிமேல் நட்டமாக நிறுத்தி, எழுத்து மேலாளர் அறையைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.